எம்.எஸ்.டபிள்யூ. சேரும் முன் ஃபீல்டு வொர்க் பற்றி விசாரியுங்கள்

கேள்வி: அக்கா, நான் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் இலக்கியம் இந்த வருடம் முடித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். அப்பா லோடுமேன். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தபோது என்னிடம் படித்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வந்தேன். அப்போதிலிருந்து எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்க ஆசை. பக்கத்து ஊர் தனியார் கல்லூரியில் புதிதாக இந்தப் படிப்பு வந்திருக்கிறது, தினமும் வரத் தேவையில்லை என்கிறார்கள். திருச்சியில் பழைய கல்லூரி ஒன்றில் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். தோழி சென்னைக்குக் கூப்பிடுகிறாள். மாமா, தபால் வழியில் படித்துக்கொண்டே வேலைக்குப் போகச் சொல்கிறார். அண்ணனோ, ‘அதில் ஹெச்.ஆர். (மனிதவள) பிரிவை எடு, இல்லையென்றால் ஏதாவது ட்ரஸ்ட்டில் அரைச் சம்பளத்துக்கு நிற்பாய்’ என்கிறார். எனக்கு ஆங்கிலம் சுமார்தான். எந்தக் கல்லூரியில் சேரட்டும்? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

தினமும் வரத் தேவையில்லை என்று சொல்லும் கல்லூரியை முதலில் ஒதுக்கி வையுங்கள். உங்களுக்குச் சலுகை கொடுப்பதாக நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் படிப்பில் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டுமோ அதைக் கற்றுக்கொடுக்கப் போவதில்லை என்பதையும் அதே வாயால் சொல்லிவிட்டார்கள்.

நான் மருத்துவமனை ஒன்றின் சமூகப்பணித் துறையில் இருக்கிறேன். பல கல்லூரிகளிலிருந்து எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள் பயிற்சிக்கு எங்களிடம் வருகிறார்கள். எந்தக் கல்லூரி எப்படி என்பது அதன் விளம்பரத்தைவிட அங்கிருந்து வரும் பிள்ளைகளிடம் நன்றாகத் தெரியும். அந்த இடத்திலிருந்துதான் உங்களுக்குப் பதில் சொல்கிறேன். கட்டடத்தையும் நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) கிரேடையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஃபீல்டு வொர்க்குக்கு எங்கே அனுப்புகிறார்கள், அங்கிருந்து திரும்பி வந்தால் யார் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். எம்.எஸ்.டபிள்யூ. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் முக்கால்வாசி இந்த விசாரணைதான்.

ஃபீல்டு வொர்க் என்றால் என்னவென்று உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடப் படிப்பில் பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு கிடையாது. அந்த நாட்களில் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடும்ப ஆலோசனை மையம், குடிசைப்பகுதி, பள்ளிக்கூடம், தொழிற்சாலை என்று ஏதாவது ஓர் ஏஜென்சிக்குப் போக வேண்டும். அங்கே உங்களைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி சூப்பர்வைசர் ஒருவர் இருப்பார், கல்லூரியில் ஓர் ஆசிரியர் இருப்பார். வாராவாரம் ரிப்போர்ட் எழுத வேண்டும். அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் உங்களோடு தனியாகப் பேசுவதை ஐ.சி. என்பார்கள், குழுவாகப் பேசுவதை ஜி.சி. என்பார்கள். நடுவில் ஒரு கிராம முகாம் உண்டு. கடைசியில் ஒரு மாத அளவுக்கு பிளாக் பிளேஸ்மென்ட், அதாவது ஒரே இடத்தில் தொடர்ச்சியான பயிற்சி. இவ்வளவும் மதிப்பெண் கணக்கில் வரும், வைவாவும் (வாய்மொழித் தேர்வு) உண்டு.

காகிதத்தில் எல்லாக் கல்லூரியிலும் இது இருக்கும். நடப்பதில்தான் வித்தியாசம். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. வக்கீலுக்கு பார் கவுன்சில், நர்ஸுக்கு நர்சிங் கவுன்சில் என்று இருப்பதுபோல, நம் நாட்டில் சமூகப்பணியாளர் அனைவருக்குமான சட்டப்படியான கவுன்சில் எதுவும் இல்லை. 2021இல் வந்த துணைநிலை, சுகாதாரத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவச் சமூகப்பணியாளர்களும் மனநலச் சமூகப்பணியாளர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது. பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தால் கல்லூரி எம்.எஸ்.டபிள்யூ. தொடங்கிவிடலாம். ஃபீல்டு வொர்க் நாட்களில் மாணவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று வெளியிலிருந்து வந்து பார்க்க யாருமில்லை. மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலும் சமூகப்பணிக்கென்று தனிப் பட்டியல் கிடையாது. ஒரு கல்லூரி மொத்தக் கல்லூரிகளின் பட்டியலில் முன்னால் இருப்பதால் அதன் சமூகப்பணித் துறையும் நன்றாக இருக்கும் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆகவே நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

மோசமான ஃபீல்டு வொர்க் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரே முதியோர் இல்லத்துக்கு இருபது பேரை அனுப்புவார்கள். அவர்கள் அங்கே கோலப்போட்டி வைப்பார்கள், பழம் கொடுப்பார்கள், பேனர் பிடித்து போட்டோ எடுப்பார்கள். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வருகைப்பதிவுத் தாளில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். இல்லையென்றால் ஒரு தொண்டு நிறுவனத்தில் உட்கார்ந்து ஆறு மாதம் டேட்டா என்ட்ரி செய்துகொடுப்பார்கள். சம்பளமில்லாத கிளார்க் கிடைத்ததில் நிறுவனத்துக்கு மகிழ்ச்சி, இடம் கிடைத்ததில் கல்லூரிக்கு மகிழ்ச்சி. இப்படி இரண்டு வருடம் முடித்து வந்தவர்களை நான் நேர்காணலில் பார்க்கிறேன். கேஸ் வொர்க்கின் (தனிநபருக்கு உதவும் முறை) கட்டங்களை வரிசையாக ஒப்பிப்பார்கள். ‘நீங்கள் கையாண்ட ஒரு கேஸைச் சொல்லுங்கள்’ என்றால் அறையில் சத்தமே இருக்காது.

நல்லது எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம். எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், பூச்சிமருந்து குடித்துப் பிழைத்த ஓர் இளம்பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். பரிதாபத்தில் தன் சொந்த செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டாள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு அந்தப் பெண் நடுராத்திரியில் கூப்பிட ஆரம்பித்தாள். மாணவி எடுக்கவும் பயந்தாள், எடுக்காமலிருக்கவும் பயந்தாள். இதை ரிப்போர்ட்டில் எழுதாமல் மறைத்திருக்கலாம். ஆனால் எழுதினாள். ஏனென்றால் அவளுடைய ஆசிரியர் ரிப்போர்ட்டைப் படிப்பவர். அவர் மறுநாளே பஸ் ஏறி எங்களிடம் வந்தார். மூவருமாக உட்கார்ந்து பேசினோம். எண்ணைக் கொடுத்தது ஏன் தவறு, இனி அந்தப் பெண்ணுக்கு யார் பொறுப்பு, எங்கள் மனநலப் பிரிவுக்கு அவளை எப்படி மாற்றிவிடுவது, இந்த மாணவி அவளிடம் என்ன சொல்லி விடைபெறுவது என்று எல்லாவற்றையும் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. எந்தப் புத்தகத்தைப் படித்தும் அந்த மாணவி இதைக் கற்றிருக்க முடியாது. அந்த ஆசிரியர் இருந்தது பெயர் பெற்ற கல்லூரி ஒன்றுமில்லை.

அதனால்தான் புதிய கல்லூரி, சிறிய கல்லூரி என்பதற்காக எதையும் நான் தள்ளச் சொல்லவில்லை. முதலில் ஒதுக்கி வைக்கச் சொன்னது ‘தினமும் வரத் தேவையில்லை’ என்ற பேச்சுக்காகத்தான். அது நிஜம்தானா என்று பார்க்க பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போங்கள். முதல்வர் அறைக்குப் போக வேண்டாம், துறைக்குப் போங்கள். போன வருடம் ஃபீல்டு வொர்க்குக்கு எந்தெந்த ஏஜென்சிக்கு அனுப்பினீர்கள், ஓர் ஏஜென்சிக்கு எத்தனை பேர், ஓர் ஆசிரியர் எத்தனை மாணவர்களைப் பார்க்கிறார், அவர் ஏஜென்சிக்கு நேரில் வருவாரா என்று கேளுங்கள். ஆசிரியர்கள் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களா என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். புதுத் துறைகளில் வேறு பாடம் படித்தவர்களை வைத்து ஒப்பேற்றுவது நடக்கிறது. சீனியர் மாணவர் யாராவது கிடைத்தால், திருத்திக் கொடுத்த ஃபீல்டு வொர்க் ரிப்போர்ட் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஓரங்களில் சிவப்பு மையில் ஆசிரியர் கேள்வி எழுதியிருந்தால் நல்ல அடையாளம். கடைசிப் பக்கத்தில் வெறும் கையெழுத்தும் தேதியும் மட்டும் இருந்தால் அதைவைத்து முடிவெடுத்துவிடலாம்.

கிராம முகாமைப் பற்றியும் கேளுங்கள். கோயிலைச் சுத்தம் செய்தோம், மரக்கன்று நட்டோம், கலைநிகழ்ச்சி நடத்தினோம் என்றால் அது என்.எஸ்.எஸ். முகாம். அதில் தப்பில்லை, ஆனால் அதற்கு எம்.எஸ்.டபிள்யூ. தேவையில்லை. ஊர்க்காரர்களைத் தெருவில் உட்காரவைத்து, கோலமாவில் அவர்களையே ஊர் வரைபடம் போடச் சொல்லி, தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது, எந்தத் தெருவுக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று பேசவைத்தோம் என்று யாராவது சொன்னால் அங்கே பாடம் நடந்திருக்கிறது.

உங்களுக்கு முன்னால் இருக்கும் மற்ற வழிகளுக்கு வருகிறேன்.

திருச்சிதான் என் முதல் சிபாரிசு. பெயர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. புதுக்கோட்டையிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் பயணம், கட்டாயம் விடுதியில் தங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் கிராமத்திலிருந்து காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஏஜென்சிகள் ஒன்பதரைக்கு உங்களை எதிர்பார்ப்பார்கள். பிஷப் ஹீபர் கல்லூரியின் சமூகப்பணித் துறை நீண்டகாலமாக நடப்பது. அது இருக்கும் புத்தூரிலேயே அரசு தலைமை மருத்துவமனையும் இருக்கிறது. பெண்கள் கல்லூரிதான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால் காவேரி மகளிர் கல்லூரியிலும் விசாரிக்கலாம். நீங்கள் கடிதத்தில் சொல்லாத ஒன்றும் அங்கே இருக்கிறது: பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறை, காஜாமலை வளாகத்தில். கல்லூரியைத் தேடுபவர்கள் பல்கலைக்கழகத் துறைகளை மறந்துவிடுகிறார்கள். தனியார் சுயநிதிப் பிரிவோடு ஒப்பிட்டால் அங்கே கட்டணம் குறைவாகத்தான் இருக்கும். தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தாமதிக்காதீர்கள்.

கட்டணம் பற்றிப் பேசும்போது ஒன்று. ஒரே கல்லூரியில், ஒரே பாடத்துக்கு, எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவும் செல்ஃப் ஃபைனான்ஸ் (சுயநிதி) பிரிவும் இருக்கலாம். கேட்டில் ஒரே பெயர்ப்பலகைதான், கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எம்.எஸ்.டபிள்யூ. எந்தப் பிரிவில் இருக்கிறது என்று விண்ணப்பம் போடும்போதே கேளுங்கள். அதற்குமேல் தேர்வுக் கட்டணம், முகாம் செலவு, ஏஜென்சிக்குப் போய்வரும் பஸ் செலவு ஆகியவற்றை உங்கள் பட்ஜெட்டில் சேருங்கள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கியிருந்தால் அது இளங்கலையோடு நின்றுவிடும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பட்டியல் வகுப்பு, பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான உதவித்தொகை தனி. வருமானச் சான்றிதழை இப்போதே இ-சேவை மையத்தில் எடுத்துவிடுங்கள்.

சென்னை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இன்று எழும்பூரில் இருக்கிறது. இந்தப் படிப்புக்காகவே உண்டான இடம். லயோலா, ஸ்டெல்லா மேரிஸ், தாம்பரம் கிறித்துவக் கல்லூரி ஆகியவற்றிலும் இந்தத் துறை உண்டு. சென்னையின் பெரிய பலம் ஏஜென்சிகள்தான். மனநலத்தில் ஸ்கார்ஃப், பானியன் அமைப்புகள், புற்றுநோய்க்கு அடையாறு மருத்துவமனை என்று வேறு ஊரில் ஒரே இடத்தில் கிடைக்காத களம் அது. ஆனால் விடுதிச் செலவை உங்கள் அப்பாவால் இரண்டு வருடம் தாங்க முடியுமா என்று அவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள். தோழி கூப்பிடுகிறாள் என்பது மட்டும் போதாது. பாதியில் பணம் தீர்ந்து ஃபீல்டு வொர்க் நாட்களில் பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். அவர்களுக்கு பட்டம் வந்துவிடும், பயிற்சி போய்விடும்.

இன்னொரு கதவும் இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.டபிள்யூ. உண்டு. இந்தியாவில் சமூகப்பணியை முதன்முதலில் ஒரு படிப்பாகச் சொல்லிக்கொடுத்தது 1936இல் பம்பாயில் தொடங்கிய நிறுவனம், இன்றைய டாடா சமூக அறிவியல் கழகம். இரண்டுக்குமே சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தேர்வை எழுத வேண்டும். கடந்த சில வருடங்களாக அதற்கு ஜனவரி வாக்கில் விண்ணப்பித்து, மார்ச்சில் எழுத வேண்டியிருக்கிறது. இந்த வருடம் உங்களுக்கு அது போய்விட்டது. எங்கும் மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு வருடம் ஏதாவது நிறுவனத்தில் களப்பணியாளராக வேலை பார்த்துவிட்டு அதை எழுதலாம். வருடம் வீண் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்த ஒரு வருட அனுபவம் உங்களுக்கு எங்கும் கைகொடுக்கும்.

மாமா சொல்லும் தபால் வழிக்கு வருவோம். இக்னோவிலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது, செல்லுபடியாகும் பட்டம்தான், களப்பணியும் பாடத்தில் உண்டு. ஏற்கெனவே இந்தத் துறையில் பல வருடம் வேலை பார்த்து, பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படுபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன். கேஸ் முன்னால் உட்காரும் முதல் நாளில் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

அண்ணன் சொல்வதை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். எம்.எஸ்.டபிள்யூ.வுக்குள் ஹெச்.ஆர். வந்ததற்குப் பின்னால் நியாயமான வரலாறு இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49ஆம் பிரிவில், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலரை நியமிக்கச் சொன்னது. அந்த வேலைக்குச் சமூகப்பணி படித்தவர்கள் போனார்கள். கேன்டீன், குழந்தைக் காப்பகம், விபத்து, குடிப்பழக்கம், கடன் என்று தொழிலாளியின் பிரச்சினையோடு நின்ற வேலை அது. இன்று அதே நாற்காலிக்கு எம்.பி.ஏ.க்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள், வேலையும் ஆள் எடுப்பது, சம்பளப்பட்டியல் போடுவது என்று மாறிக்கொண்டு வருகிறது. உங்களுக்கு அதில் விருப்பமிருந்தால் தாராளமாக எடுங்கள். ஆனால் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனதிலிருந்துதான் இந்த ஆசை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சான்றிதழில் என்ன பெயர் வரும் என்பதையும் பாருங்கள். சில இடங்களில் ஹெச்.ஆர். தனி எம்.ஏ.வாகப் பிரிந்துவிட்டது. பிற்பாடு சமூகப்பணிப் பட்டம் கேட்கும் பணிக்கு அதை வைத்துக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். எம்.ஏ. சமூகவியலும் வேறு, இதுவும் வேறு. விண்ணப்பப் படிவத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கும், பார்த்து டிக் செய்யுங்கள்.

‘அரைச் சம்பளம்’ என்பதில் உண்மை இல்லாமலில்லை. சிறிய தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு. அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் தொகுப்பூதியம், ஒப்பந்தப் பணி, வருடாவருடம் நீட்டிப்பு வருமா என்று காத்திருக்க வேண்டும். இதை மறைத்து உங்களைச் சேரச் சொல்லமாட்டேன். ஆனால் இடங்கள் இருக்கின்றன: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் (ஹெச்.ஐ.வி. பரிசோதனை) ஆலோசகர், மாவட்ட மனநலத் திட்டம், பெரிய மருத்துவமனைகளில் உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளர். அந்தந்த மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வரும். இன்று இரவே புதுக்கோட்டை, திருச்சி மாவட்ட இணையதளங்களைத் திறந்து பழைய அறிவிப்புகளில் என்ன தகுதி கேட்டிருக்கிறார்கள் என்று படியுங்கள். எந்தக் கல்லூரி ஆலோசகரும் சொல்லாததை அவை சொல்லும்.

மனநலத் துறைதான் வேண்டும் என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வோடு நிற்காது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, ‘மனநலச் சமூகப்பணியாளர்’ என்று யாரைச் சொல்கிறது என்றால், சமூகப்பணியில் முதுகலை முடித்து, அதற்குமேல் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியுள்ள இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். முடித்தவரை. பெங்களூரில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் அது உண்டு. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது, பிறகு மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் கால நீட்டிப்பு கொடுத்தது. எனவே விண்ணப்பிக்கும் வருடத்தில் அந்தப் படிப்பு எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவம், மனநலம் என்று ஸ்பெஷலைசேஷன் கொடுக்கும் கல்லூரிகளில், மனநல மருத்துவமனையில் உண்மையாகவே இடம் வாங்கிக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். பாடத்தின் பெயரில் மட்டும் மனநலம் இருந்து, அனுப்புவது பல் மருத்துவ முகாமுக்கு என்று இருக்கக் கூடாது.

ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படாதீர்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லமாட்டேன். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், ரிப்போர்ட்டும் அப்படித்தான், முதல் செமஸ்டர் கஷ்டமாக இருக்கும். தமிழில் தேர்வெழுத அனுமதி உண்டா என்று கல்லூரியில் கேளுங்கள். ஆனால் வார்டில் என்னிடம் வந்து அழுபவர்கள் ஆங்கிலத்தில் அழுவதில்லை. எங்களிடம் வரும் பயிற்சி மாணவர்களில் ஆங்கிலம் சரளமான சிலர், ‘ஏன் மாத்திரையை நிறுத்தினீங்க?’ என்று ஒரு பாட்டியிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் நீண்ட பதிலில் பேத்தி கல்யாணக் கடன் ஒளிந்திருப்பதைக் கவனிக்காமல் எழுந்து வந்துவிடுகிறார்கள். தமிழ் இலக்கியம் படித்த பிள்ளைகள் பெரும்பாலும் அதைத் தவறவிடுவதில்லை. ஆங்கில ரிப்போர்ட் எழுதுவது ஆறு மாதத்தில் கைவந்துவிடும்.

இன்னொன்று, கேட்கத் தயங்குவீர்கள் என்பதால் நானே சொல்கிறேன். ஃபீல்டு வொர்க் என்றால் அறிமுகமில்லாத தெருக்களுக்கும் வீடுகளுக்கும் தனியாகப் போக நேரும். இருட்டுவதற்குள் திரும்பும்படி ஏற்பாடு உண்டா, வீட்டு விசிட்டுக்கு இரண்டு பேராக அனுப்புவார்களா, ஏஜென்சியில் யாராவது தவறாக நடந்தால் யாரிடம் சொல்வது, கல்லூரியின் உள் புகார்க் குழு ஃபீல்டு வொர்க் இடங்களையும் பார்க்குமா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் துறையில் சேராதீர்கள்.

திருச்சிக்குப் போகும் நாளில் மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இரண்டு மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்க் கல்லூரியில் ‘ஒரிஜினலைக் கொடுத்து சீட்டைப் பிடித்து வையுங்கள், அப்புறம் யோசிக்கலாம்’ என்று சொன்னால் கொடுக்காதீர்கள். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கல்லூரி கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே அறிவித்திருக்கிறது.